பரீட்சை மண்டபம் வரைக்கும் கட்டிய எல்லை

உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டை தோட்ட ஒபீசுக்கு வந்து சேர்ந்த அன்று நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். சின்னச் சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிற அளவுக்குச் சண்டை. மாரியாத்தா எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆத்தாளைப் பற்றிப் பேச வந்துவிட்டு, எனக்கு வசதியானதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது அல்லவா?

எங்கள் தோட்டம் எஹலியகொடையிலிருந்து உள்ளே போக வேண்டும். முக்கால்வாசி ரப்பர், மேலே கொஞ்சம் தேயிலை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அப்பா நான் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் ஓ.எல். என்கிற சாதாரண தரம் தாண்டியது நான்தான் முதல். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஏ.எல்., அந்த உயர்தரம், என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்தவே எனக்கு ஒரு வருஷம் போனது. "ஒரு நாளு போயி எழுதிட்டு வந்தா முடிஞ்சிரும்தானே?" என்று கேட்பார். எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எதை எடுத்தால் எங்கே போகலாம் என்று கேட்க எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் எதற்கு டீச்சர் இருந்தாரோ அதை எடுத்தேன். தமிழ், இந்து நாகரிகம், புவியியல். எடுத்து ஐந்தாம் மாதம் புவியியல் சேர் மாற்றலாகிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நானும் புத்தகமுமாகப் பார்த்துக்கொண்டோம்.

முதல் தடவை புவியியலில் எஃப், அதாவது தோல்வி. இரண்டாம் தடவை எப்படியோ எஸ், மட்டுமட்டான பாஸ், கிடைத்தது, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பல்கலைக்கழகத்துக்குக் காணாது. மிச்சம் இருந்தது மூன்றாவது தடவை. அதற்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகத்துக்குக் கணக்கெடுக்க மாட்டார்கள். அதுவும் போனால் கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் நிற்க வேண்டியதுதான். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். அவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது பெறுபேறு வந்த வெள்ளிக்கிழமை அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோயிலுக்குப் போய் நேர்ந்துவிட்டார். மூன்றாவது தடவை என் மகள் நல்லபடியாக எழுத வேண்டும், அதற்காக வருகிற திருவிழாவில் நானும் அவளும் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறோம் என்று. நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவிழா மாசியில், பரீட்சை ஆகஸ்டில். ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்?

எங்கள் திருவிழாவை யாரும் பஞ்சாங்கம் பார்த்து மட்டும் வைப்பதில்லை. மாசியில் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். பால் குறையும், வெட்டு நிற்கும். ஆட்களுக்குக் கை ஓய்கிற நேரம் அதுதான். அதனால் மரம் இலை உதிர்த்தால் திருவிழா. அதை மாற்ற முடியாது. மாற்ற முடியாதது என்று நான் நினைத்த பரீட்சைதான் மாறியது. நாடு இருந்த நிலையில் இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். கடைசியில் அனுமதி அட்டையைப் பிரித்துப் பார்த்தால், புவியியல் முதலாம் வினாப்பத்திரம் செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பத்திரம் புதன்கிழமை. மற்ற இரண்டு பாடமும் திருவிழா முடிந்த பிறகு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்களுக்குக் காப்புக் கட்டு.

காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? மஞ்சள் நீராடிக் காப்பு அவிழ்க்கும் வரைக்கும் பூசாரி எலுமிச்சம்பழம் கட்டிக் குறித்த எல்லைக்குள்ளேதான் இருக்க வேண்டும். எங்கள் எல்லை கீழே ஆற்றுப் பக்கம் முடிகிறது. என் பரீட்சை மண்டபம் இரத்தினபுரியில்.

"யாரக் கேட்டு நேர்ந்தீங்க? எழுதப் போறது நான்தானே?" என்று கத்தினேன்.

"எழுதுறது நீதான். எழுத வைக்கிறது அவ."

"எழுத வைக்கிறவளுக்கு டைம் டேபிள் தெரியாதா?"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னையும் போடச் சொன்னார். நான் போடவில்லை.

அடுத்த வருஷம் காப்புக் கட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்தார். அப்பா ஒரு தீச்சட்டி நேர்த்தியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர். அந்த அடுத்த வருஷம் அவர் இல்லை. அவரைக் கொண்டுபோனது நெஞ்சு வலி, அதற்கும் நேர்த்திக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று யாருக்கும் நான் சொல்வேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் காப்புக் கட்டாமல் போய்ப் பரீட்சை எழுதினால், அதற்குப் பிறகு எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்த மனுஷி உயிரோடு செத்துப்போவார். எழுதாவிட்டால் நான் செத்துப்போவேன். இதுதான் நிலைமை.

அந்த மாதம் கோயில் வாசல் கூட்டுவது எங்கள் லயத்து முறை. இலை உதிர் காலத்தில் ரப்பர் மலைக்குப் பக்கத்தில் இருக்கிற கோயிலைக் கூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். இந்தப் பக்கம் கூட்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் விழுந்திருக்கும். நான் தினமும் காலையில் கூட்டப் போனேன். கூட்டிக்கொண்டே ஆத்தாளோடு பேசினேன். பேசினேன் என்றா சொன்னேன், திட்டினேன் என்பதுதான் உண்மை. முதல் நாள் நான் சொன்னது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"இந்தா பாரு ஆத்தா. எனக்கு மார்க் போடச் சொல்லி ஒன்னக் கேக்கல. அத நான் பாத்துக்குறேன். ஒனக்குக் குடுத்த வாக்கும் ஒடையக் கூடாது, எங்கம்மா மனசும் ஒடையக் கூடாது, நான் பரீட்சையும் எழுதணும். வழிய நீ சொல்லு. சொல்லலன்னா காப்போடயே பஸ்ல ஏறிருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாத."

இப்படி வேண்டலாமா என்று பெரியவர்கள் கேட்கலாம். எனக்கு வேறு மாதிரி வரவில்லை. ஒரு வாரம் போனது. பதில் இல்லை. கனவு வரவில்லை, பல்லி சொல்லவில்லை, பூ விழவில்லை. இலைதான் விழுந்தது. எட்டாம் நாள் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே அழுதேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. "என்னால முடியல ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரிந்து நான் ஒழுங்காக வேண்டியது அன்று ஒரு நாள்தான்.

ஒன்பதாம் நாள் மேகலா அக்கா கோயிலுக்கு வந்தார். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது வீடுகளில் இருக்கிறவர். சில வருஷங்களுக்கு முன்னால் பெருமழையில் எங்கள் மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. உயிர்ச் சேதம் இல்லை, ஆத்தா காப்பாற்றினாள். அங்கிருந்த பத்துக் குடும்பங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மேகலா அக்கா பூசாரி மாமாவிடம் வந்து சாதாரணமாகக் கேட்டார்.

"மாமா, இந்த வருசம் எல்லக் கட்டுக்கு எங்க பக்கம் மொதல்ல வந்துருங்க. போன வருசம் மாதிரி உச்சி வெயில்ல வராதீங்க."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதலில் எங்கள் எல்லையே இல்லை. என் சின்ன வயதில் இருந்ததே இல்லை. அந்தப் பத்துக் குடும்பம் போன பிறகுதான் அங்கேயும் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அப்படியென்றால் எல்லை நகர்ந்திருக்கிறது. ஆத்தாளின் ஆட்கள் எங்கே போனார்களோ அங்கே போயிருக்கிறது.

நான் ஓடிப்போய்ச் சன்னிதிக்கு முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அம்மா சொன்ன அன்று போடாததற்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டம். தோட்டத் தலைவர்தான் கமிட்டிக்கும் தலைவர். கண்டிப்பான ஆள், ஆனால் நியாயமான ஆள். பொம்பளைகள் பக்கத்திலிருந்து நான் எழுந்து நின்று கேட்டேன்.

"மாமா, புது வீட்டுப் பக்கம் எல்லையக் கட்டுனீங்களே, அதே மாதிரி இந்த வருசம் இரத்தினபுரி வரைக்கும் கட்ட ஏலுமா?"

ஆம்பளைகள் பக்கம் ஒரே சிரிப்பு. "கட்டுறதுதான் கட்டுறீங்க, கொழும்பு வரைக்கும் கட்டுங்க மாமா, நான் வேலைக்குப் போய் வந்துருவேன்" என்று யாரோ கத்தினார்கள். தலைவர் கையைக் காட்டி அடக்கினார்.

"இங்க பாரு புள்ள, ஒன்னைய மட்டும் நெனச்சி முடிவெடுக்க ஏலாது. இன்னைக்கு ஒனக்குக் கட்டுவோம். நாளைக்கு கார்மெண்ட்ஸுக்குப் போறவங்க கேப்பாங்க. அப்புறம் எல்லன்னு ஒண்ணு எதுக்கு?"

அவர் கேட்டது சரியான கேள்வி. என்ன பேசுவதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "நானா மாமா பரீட்சைய மாசியில வெச்சேன்? அந்தப் பத்துக் குடும்பமா மண்ணச் சரிய விட்டுச்சி?"

பூசாரி மாமா அதுவரைக்கும் வெற்றிலையை மென்றுகொண்டு இருந்தார். அவரும் பால் வெட்டுகிறவர்தான், அம்மா வெட்டுகிற அதே ரப்பர் மலையில். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"எம்புட்டு தூரம்?"

"இருவத்தெட்டு கிலோமீட்டர் மாமா."

"அடியாத்தே!" என்றார். "எல்லையக் கட்டுறது எனக்குப் பெருசில்ல. வழியில மூணு தோட்டம் இருக்கு. மூணு தோட்டத்துலயும் ஆத்தா இருக்கா. அவுக எல்லைக்குள்ள நாம சும்மா பூந்து போக ஏலாது. மூணு பேர்கிட்டயும் பூப் போட்டு உத்தரவு கேக்கணும்." பிறகு தலைவரைப் பார்த்தார். "கேட்டுப் பாப்போம். எந்தத் தோட்டத்துலயாவது பூ குடுக்கலன்னா விட்டுருவோம்."

தலைவர் தலையைச் சொறிந்தார். அப்போது அம்மா எழுந்தார். கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத மனுஷி. "தலைவரே, ரெண்டு காப்பு. நானும் கூடப் போவேன். அவ வேற எங்கயும் போக மாட்டா, மண்டபம், பஸ்ஸு, வீடு. நான் பாத்துக்குறேன்" என்றார். அதற்கு மேல் தலைவர் மறுக்கவில்லை.

காப்புக் கட்டு அன்று காலையில் பூசாரி மாமா, தலைவர், அம்மா, நான், நாலு பேரும் ஒரு த்ரீவீல் ஆட்டோவில் ஏறினோம். மாமாவின் மடியில் உடுக்கும், ஒரு பை எலுமிச்சம்பழமும். எங்கள் ஆற்றுப் பக்கம் முதல் பழம். அங்கிருந்து ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலாக நிறுத்தினோம். முதல் கோயிலில் பூக் கேட்ட உடனே ஆத்தாளின் தலையில் வைத்த பூ வலது பக்கம் விழுந்தது, அதுதான் உத்தரவு. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது கோயிலில் விழவே இல்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம். வெயில் ஏறியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் அன்று ஆத்தாளைத் திட்டவில்லை. எட்டாம் நாள் சொன்னதையே திரும்பவும் சொன்னேன். என்னால் முடியவில்லை, நீ பார்த்துக்கொள். பூ விழுந்தது. வலது பக்கம்தான்.

காற்றில் விழுந்திருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் இப்போது படித்தவள்தான். சொல்லிக்கொள்ளட்டும்.

இரத்தினபுரியில் பள்ளிக்கூட வாசலில் காவலாளி எங்களை மறித்தார். சிங்கள ஐயா ஒருவர். "மேக்க மொக்கத?" இது என்ன என்று உடுக்கைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார். பூசாரி மாமா சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார், காப்பு, எல்லை, மண் சரிந்தது, மூன்று தோட்டம், ஒன்று விடாமல். காவலாளி பொறுமையாகக் கேட்டார். உள்ளே மேசை கதிரை எல்லாம் போட்டு நம்பர் ஒட்டியாகிவிட்டது, ஒருவரையும் விட முடியாது என்றார். மாமா கெஞ்சவில்லை. மதிலுக்கு வெளியே ஒரு மாமரம் நின்றது. அதன் கிளை ஒன்று உள்ளே மண்டபத்துக் கூரை வரைக்கும் போயிருந்தது. அதில் கட்டலாமா என்று கேட்டார்.

"மரம் ரோட்டுல நிக்குது, எனக்கு அதப் பத்தித் தெரியாது," என்று காவலாளி சிங்களத்தில் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். "ஆனா மகள், எட்டரைக்கு கேட்டப் பூட்டுவேன். சாமி வந்து சொன்னாலும் தெறக்க மாட்டேன்."

மாமா அந்த மாமரத்தில் கடைசிப் பழத்தைக் கட்டினார். பின்னேரம் எங்கள் கோயிலில் அம்மாவுக்கும் எனக்கும் காப்புக் கட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். காப்புக் கட்டியவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. எனக்குப் பசித்தால் கோபம் வரும். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்ததற்கு அவரோடும் சண்டைக்குப் போகப் பார்த்தேன், அம்மா கையைப் பிடித்து அடக்கினார். ஏழே முக்காலுக்கு வாசலில் நின்றோம்.

மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அனுமதி அட்டையைப் பார்க்கும்போது என் கைக் காப்பைப் பார்த்துவிட்டார். மஞ்சள் துணியில் சுற்றிய முடிச்சு. பரீட்சை மண்டபத்தில் கையில் ஒரு முடிச்சு என்றால் சும்மா விடுவார்களா?

"இதென்ன பிள்ளை? உள்ளுக்கு என்ன கிடக்கு?"

"காப்பு மிஸ். மஞ்சத் துண்டும் வேப்பிலையும்தான். கழட்டக் கூடாது மிஸ்."

மிஸ் குனிந்து முடிச்சை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். பேப்பர் எதுவும் இல்லை என்று தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காப்புக் கட்டினா எல்லை தாண்டக் கூடாதெல்லோ? நீர் எப்பிடி வந்தனீர்?"

"எல்லைய இங்க வரைக்கும் கட்டிட்டாங்க மிஸ்."

ஜன்னலுக்கு வெளியே மாங்கிளையில் பழம் தொங்கியது. நான் காட்டினேன். மிஸ் அதைப் பார்த்தார். என் மேசையில் அனுமதி அட்டையை நேராக வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். போகும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதலாம் பத்திரம் வந்தது, எழுதினேன். அடுத்த நாள் இரண்டாம் பத்திரத்தில் சமவுயரக் கோட்டுப் படம். முதல் தடவை என்னை விழுத்தியது அந்தப் படம்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் எங்கள் ரப்பர் மலையில் வரிசை வரிசையாக வெட்டிய படிகளைப் பார்த்துத்தான் எனக்கு அது பிடிபட்டது. மரம் மொட்டையாக நிற்கும்போது அந்தப் படிகள் அப்படியே கோடு மாதிரித் தெரியும். அந்தப் பாடத்தை நான்தான் படித்தேன், ஆத்தா எழுதித் தரவில்லை. ஆனால் என்னை அந்த மேசை வரைக்கும் கொண்டுவந்து எழுத வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் எழுதிவிட்டு வெளியே வந்தால் அம்மா மாமரத்தடியில் இருந்தார். காவலாளி ஒரு பழைய கதிரை கொடுத்திருந்தார். அதில் இருக்காமல் அதன் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம்.

"ஏன்ம்மா கதிரையில இருக்கலாமே?"

"பள்ளிக்கூடத்துக் கதிரைடி," என்றார். பிறகு, "பள்ளிக்கூட வாசல்ல நான் இம்புட்டு நேரம் இருந்ததே இல்ல," என்று சொன்னார். நான் ரோட்டிலேயே அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். பசியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஆறு மணிக்குச் சாப்பிடலாம், பொறுத்துக்கொள் என்றார்.

பெறுபேறு வந்தது. தமிழ் ஏ, இந்து நாகரிகம் பி, புவியியல் பி. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து முதல் ஆள். தலைவர் தப்பு மேளம் அடிக்கச் சொன்னார். பூசாரி மாமா அதற்கு அடுத்த வருஷம் யாரும் கேட்காமலேயே பையில் பழத்தைப் போட்டுக்கொண்டு த்ரீவீலில் ஏறினார். அந்த வருஷம் இரண்டு பிள்ளைகள் எழுதினார்கள். இப்போது ஐந்து பேர். பரீட்சை திருவிழாவோடு மோதாத வருஷத்திலும் போய்க் கட்டிவிட்டு வருகிறார். கார்மெண்ட்ஸ் பஸ் நிற்கிற சந்தியிலும் ஒரு பழம் தொங்குகிறது. அதற்கு முதலில் கை தூக்கியது தலைவர்தான்.

என்னையும் ஆத்தா மாற்றியிருக்கிறாள். கோபம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எதையாவது கேட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று கத்துவதற்கு முன்னால், பக்கத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று இப்போது காது கொடுக்கிறேன். மேகலா அக்காவுக்கு இன்று வரைக்கும் தெரியாது, அவர் வாயால் எனக்குப் பதில் வந்தது என்று. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

விடுதிக்குப் புறப்பட்ட அன்று அம்மா என் பெட்டியில் உடுப்புக்கு நடுவே எதையோ செருகினார். எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் தடவிய ஒரு எலுமிச்சம்பழம், கட்டுவதற்குக் கயிறோடு.

"அம்புட்டு தூரம் பூசாரி வர மாட்டாரு," என்றார். "நீயே கட்டிக்க."

விடுதி வாசலில் ஒரு பலா மரம் நிற்கிறது. அதில் கட்டினேன். பழம் காய்ந்து கறுத்துப்போனாலும் கயிறு இன்னும் இருக்கிறது. என் சொந்தங்களே, உங்கள் பிள்ளை தூரமாகப் போக வேண்டியிருந்தால் பயந்து பிடித்து வைக்காதீர்கள். எவ்வளவு தூரம் என்று மட்டும் ஆத்தாளிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் அவள் கிலோமீட்டர்கூடக் கேட்கவில்லை.